தேதி தெரியாத பெட்டி

உட்காருங்க அக்கா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூலில் உட்காருங்க. கரண்ட் இப்போதுதான் போனது, சீக்கிரத்தில் வராது. மாமாவும் இல்லை. மாமா என்றால் என் மாமனார், அவர்தான் ஜோசியர். தம்மம்பட்டியில் ஒரு வீட்டுக்கு முகூர்த்தம் குறித்துக் கொடுக்கப் போயிருக்கிறார். கம்ப்யூட்டரை ஓட்டுகிறவள் என் நாத்தனார் பிருந்தா. அவளும் இல்லை, பிரிண்டருக்கு ரிப்பன் தீர்ந்துவிட்டது என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாள். இதற்குப் போடுகிற ரிப்பன் துறையூரில் எந்தக் கடையிலும் கிடையாது. திருச்சியில் ஒரே ஒரு ஆள் வைத்திருக்கிறாராம். அவர் பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார், இவள் போய்க் கும்பிடு போட்டு வாங்கி வருவாள். குங்குமப்பூகூட இதைவிடச் சுலபமாகக் கிடைக்கும்.

தம்பிக்கு ஜாதகம் எடுக்க வந்தீங்களா? சரி, இருந்து வாங்கிக்கொண்டு போங்க. உப்பிலியபுரத்திலிருந்து வெயிலில் வந்துவிட்டு வெறுங்கையோடு போவானேன்?

வந்தவர்களை உட்காரவை, அவ்வளவுதான் உன் வேலை என்று எனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உட்காரவைத்துவிட்டேன். அதற்கு மேல் எனக்குப் பேச வராது. எட்டாவதோடு நின்றவள், புது ஆட்களைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது, ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க, ஊமையா என்று பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்போதும் பேசவில்லை. நீங்கள் பொம்பளை ஆளாக இருக்கப் போய் இந்த நாலு வார்த்தை வருகிறது.

வெளியே போர்டைப் பார்த்தீங்களா? ஸ்ரீ வாராகி கம்ப்யூட்டர் ஜாதகம், துல்லியமான கணிப்பு. துல்லியமாம். அந்தத் துல்லியம் இதோ மஞ்சள் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. துணியை எடுத்துக் காட்டட்டுமா? பயந்துவிடாதீங்க. பார்த்தீங்களா? முன்பக்கம் ஒரு முறம் அளவுதான். பின்பக்கம் எருமை மாதிரி சுவர்வரைக்கும் போகிறது. ஊரெல்லாம் கம்ப்யூட்டரைத் தாம்பாளம் மாதிரி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறார்கள். எங்களுடையதை நகர்த்த வேண்டுமென்றால் ரெண்டு ஆம்பளை வரவேண்டும்.

நெற்றியில் விபூதி, குங்குமம் எல்லாம் வைத்திருக்கிறதே, கவனித்தீங்களா? வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் காட்டுவார் மாமா. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சுற்றிப்போட மறந்துபோவார், இதற்குச் சூடம் காட்ட மறக்கமாட்டார். இந்த வீட்டில் ரெண்டே ஃபேன். ஒன்று மாமா தலைக்கு மேலே, இன்னொன்று இதற்கு. சூடாகிவிடுமாம். அப்படியென்றால் என் பிள்ளை? அது சூடாகாதா? அதற்குத் தூளி கட்டின இடம் எது தெரியுமா? அடுப்படி. தாளிக்கிற நெடியில் தும்மித் தும்மித் தூங்குகிறது. இந்தக் கழுதை காற்று வாங்குகிறது.

புதுசு வாங்கலாமே என்று கேட்கிறீங்களா? அதை நான் வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் போனால் ராத்திரிதான். அப்பாவிடம் கேள் என்பார். மாமாவிடம் நான் எப்படிக் கேட்பது? நான்தான் பேசமாட்டேனே. பேசினாலும் அவர் சொல்கிற பதில் எனக்குத் தெரியும். ராசியான பெட்டியாம். இது வந்த பிறகுதான் வீட்டுக்கு மாடி எழும்பியதாம். மாடி எழும்பியது சரி, அதை வாடகைக்கு விட்டுவிட்டு நாம் ஏன் கீழே குவிந்து கிடக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த ஜனத்தைச் சொல்ல வேண்டும் அக்கா. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க, உங்களைச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பையன் புது லேப்டாப்பில் கலர் கலராக அடித்துக் கொடுக்கிறான், பிள்ளையார் படமெல்லாம் போட்டு. அங்கே வாங்கிக்கொண்டு, நேரே இங்கே வந்து, எதற்கும் இதிலேயும் ஒன்று எடுத்துக் குடுங்க என்பார்கள். பழைய பெட்டி, அனுபவம் உள்ள பெட்டி, பொய் சொல்லாது என்பார்கள். என்னமோ இது கிழவனாகி நாலும் பார்த்து நரைத்துவிட்டது மாதிரி! துருப்பிடித்தால் அனுபவம் என்று அர்த்தமா? எங்கள் வீட்டு அரிவாள்மனைகூடத் துருப்பிடித்துத்தான் கிடக்கிறது. அதனிடம் போய் யாரும் பொருத்தம் கேட்பதில்லை.

இது எப்படிப்பட்ட பெட்டி என்று சொல்கிறேன் கேளுங்க. இதற்குத் தேதி தெரியாது. சத்தியமாக. கரண்ட் போய் வந்தால் போதும், எல்லாம் மறந்துவிடும். எழுப்பினால் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் என்னமோ கத்தும். கீழே எஃப் ஒண்ணு என்று ஒரு பொத்தானை அமுக்கச் சொல்லிக் கேட்கும். அமுக்கினால் வாயை மூடிக்கொண்டு எழுந்திருக்கும். எழுந்ததும் அதற்கு என்ன தேதி என்கிறீங்க? ரெண்டாயிரத்து ரெண்டு, ஜனவரி ஒண்ணு. எத்தனை தடவை செத்துப் பிழைத்தாலும் அதே ஜனவரி ஒண்ணுதான். நான் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

உள்ளே கைக்கடிகார செல் மாதிரி வட்டமாக ஒன்று இருக்கிறதாம். அது தீர்ந்துபோனால் இப்படி ஆகுமாம். மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனான். மாமா விடவில்லை. திருகாணியைத் தொட்டால் ராசி போய்விடும் என்கிறார். ஆயுத பூஜைக்குக்கூட வெளியேதான் துடைப்பார். அதனால் என்ன நடக்கும் என்றால், கரண்ட் வருகிற ஒவ்வொரு தடவையும் பிருந்தா வந்து முதலில் தேதியைப் போடுவாள், அப்புறம்தான் மற்றது. யாரிடமும் சொல்லமாட்டாள். வாசல் தெளிக்கிற மாதிரி அவள் பாட்டுக்குச் செய்துவிட்டுப் போவாள். அதனால் அப்படி ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. யார் சொன்னார்கள் எனக்கு? யாரும் சொல்லவில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

பிருந்தாவா? இருபத்தொன்பது முடியப்போகிறது. பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து இந்தப் பெட்டியோடுதான். ஊரில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு ஜாதகம் எடுத்துக் கொடுத்தவள், அவளுக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. மீன ராசி, உத்திரட்டாதி. பார்க்க லட்சணமாகத்தான் இருப்பாள், அதைச் சொல்லக்கூடாதென்று இல்லை. ஆனால் வருகிற இடமெல்லாம் தட்டிப்போகும். ஜோசியர் வீட்டுப் பெண்ணுக்கு எது நல்ல ஜாதகம் என்று ஜோசியரே தேடிக்கொண்டிருந்தால், காலம் போகாமல் என்ன செய்யும்? அதற்குள் ஏழரைச் சனி வேறு பிடித்துக்கொண்டது. ஏழரை முடிந்தால்தான் பேச்சு என்று மாமா சொல்லிவிட்டார். முடிவதற்குள் அவளுக்கு முப்பத்தைந்து தாண்டிவிடும். நானும் என் பிள்ளையும் அடுப்படியிலேயே கிடக்க வேண்டியதுதான். ஏனென்றால் அந்த உள் அறை அவளுடையது. அவள் போனால்தான் தூளி அங்கே போகும். அதற்காகச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் போன தை மாதம் முசிறியிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் நாமக்கல்லில் கோழித்தீவனக் கம்பெனியில் சூப்பர்வைசர். பையனுடைய அம்மாவும் தாய்மாமாவும் வந்தார்கள். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. ஜாதகம் ஒன்று எடுத்துக் கொடுங்க, எங்க ஜோசியரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

இங்கே மாமாவிடம் ஒரு சட்டம் உண்டு. தன் ஜாதகத்தைத் தானே எடுக்கக் கூடாது. எழுதினாலும் சரி, கம்ப்யூட்டரில் அடித்தாலும் சரி, தன் கையால் தன் விதியைத் தொடக்கூடாதாம். பரம்பரைப் பழக்கம். அதனால் பிருந்தா உள்ளே போய்விட்டாள். மாமாவுக்குப் பெட்டியில் அடிக்கத் தெரியாது, என்னைக் கூப்பிட்டார். "சங்கவி, நீ வந்து எடுத்துக் குடும்மா" என்றார். வெளியாட்கள் ரெண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் ஒரு தடவை போய் வந்தது.

பெட்டியை எழுப்பினேன். ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்துக்கொண்டு எழுந்தது. இங்கிலீஷில் கத்தியது. எஃப் ஒண்ணை அமுக்கினேன். அமுக்கச் சொல்லி அதுவேதானே கேட்கிறது? அமுக்கினேன். பிருந்தா உள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று, "இப்போ பேரு அடிங்க அண்ணி... பிறந்த தேதி... நேரம்... ஊர்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரே விரலால் ஒவ்வொன்றாக அடித்தேன். பிறந்த தேதியை ரெண்டு தடவை சரிபார்த்தேன். என் மேல் ஒரு தப்பும் கிடையாது. பேப்பர் வந்தது. ஒன்று சரியாகச் செருகாமல் கோணிக்கொண்டது, அதை எடுத்து வைத்துவிட்டு இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன்.

மாமா வாங்கிப் பார்த்தார். மூன்றாம் இடத்தில் சனி, நினைத்த காரியம் கைகூடும் என்று வந்திருந்தது. அவருக்குக் கண் விரிந்தது. அவர்தானே தன் வாயாலேயே ஏழரை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்? பேப்பரில் இல்லை என்றதும் ஏழரை இல்லை என்று ஆகிவிட்டது! "நான்தாம்மா விரல் விட்டு எண்ணினதுல தப்பாயிட்டேன், பெட்டி சரியாச் சொல்லுது" என்றார். இவரைத்தான் தம்மம்பட்டி வரைக்கும் பஸ் டிக்கெட் கொடுத்து அழைக்கிறார்கள்.

முசிறிக்காரர்களுக்கும் சந்தோஷம். பத்தே நாளில் சொல்லி அனுப்பினார்கள், தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று.

வீடே மாறிப்போய்விட்டது அக்கா. பிருந்தா பாட்டெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். என் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அத்தை போயிட்டா தேடுவியாடி?" என்று கேட்பாள். நான் உள் அறையில் எந்த உத்தரத்தில் தூளி கட்டலாம் என்றுகூடப் பார்த்து வைத்தேன்.

நிச்சயத்தன்றைக்குக் காலையில் நான்தான் வடை சுட்டேன். எண்ணெய் வடிய ஒரு பேப்பர் வேண்டுமே என்று, அன்றைக்குக் கோணிக்கொண்டு வந்த பேப்பரை எடுத்து விரித்தேன். அடியில் சின்னதாக எடுத்த தேதி போட்டிருந்தது. ஜனவரி ஒண்ணு, ரெண்டாயிரத்து ரெண்டு. எனக்குச் சிரிப்பாக வந்தது. கூமுட்டைப் பெட்டி, இன்றைக்கு என்ன நாள் என்றுகூடத் தெரியவில்லை பார் என்று வடையிடம் சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? தேதிக்கும் சனிக்கும் என்ன சம்பந்தம்? பிருந்தா அப்புறம் சொன்னாள்: பிறந்த நேரத்துக் கட்டம் ஒன்று, இன்றைய தேதியில் எந்தக் கிரகம் எங்கே நிற்கிறது என்கிற கட்டம் இன்னொன்று, பெட்டி தன்னிடம் இருக்கிற தேதியை வைத்துத்தான் ரெண்டாவதைப் போடும் என்று. இதெல்லாம் எட்டாவதில் சொல்லிக் கொடுத்தார்களா?

சாயங்காலம் வந்தார்கள், இருபது பேர். தட்டு, பழம், பூ, எல்லாம் வரிசையாக இந்த அறையில்தான் வைத்தார்கள். பெட்டிக்கு முன்னாலேயே வைக்கச் சொன்னார் மாமா, சாமிக்கு வைக்கிற மாதிரி. நான் காபித் தட்டோடு இதோ இந்த நிலைப்படியில் நின்றேன். பையனுடைய அம்மா பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எங்க ஊர்ல ஒரு பொடியன் லேப்டாப்புல பார்த்துட்டு பொண்ணுக்கு ஏழரைன்னுட்டான். நான் நம்பல. பழைய மிஷினு சொல்றதுதான் சரியா இருக்கும்னு எங்கண்ணன்கிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன். இதுக்கு எத்தன அனுபவம் இருக்கும்!" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை அக்கா. நாலு வருஷமாக என் பிள்ளையின் காற்றையும் என் இடத்தையும் தின்று கொண்டு கிடக்கிற பெட்டி. அதைப் போய் ஒருத்தி கும்பிடுகிறாள். என்னை அறியாமல் வார்த்தை வந்துவிட்டது. "இதுக்கா? இதுக்கு இன்னிக்கு என்ன தேதின்னே தெரியாதுங்க. அன்னிக்கு எடுத்த பேப்பர்லகூட ரெண்டாயிரத்து ரெண்டுன்னுதான் இருக்கு" என்றேன்.

அவ்வளவுதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாலு பேர் நடுவில் நான் பேசினது அது ஒன்றுதான்.

பையனுடைய தாய்மாமா காபியைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா சொன்ன?" என்று கேட்டார். பெரியவர் கேட்கும்போது பதில் சொல்லாமல் நின்றால் மரியாதை இல்லையே. அதனால் இன்னொரு தடவை சொன்னேன். கொஞ்சம் சத்தமாக.

அவர் சட்டைப் பையிலிருந்து அந்த ஜாதகத்தை எடுத்து, கண்ணாடி போட்டு, அடியைப் பார்த்தார். மாமாவுக்கு வேர்த்துவிட்டது. "அது பேப்பர்ல விழுற தேதிங்க, கிரகத்துக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்லீங்க" என்று இழுத்தார். தாய்மாமா விடவில்லை. "இல்லாட்டி நல்லதுதானே? இப்ப எங்க முன்னாடி இன்னொண்ணு எடுங்க" என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அத்தனை பேர் முன்னால் நான் எப்படி?

மாமா சமாளித்தார். "இன்னிக்கு வோல்டேஜு கம்மிங்க, காலையில எடுத்துக் குடுத்தனுப்புறேன்" என்றார். நல்ல வார்த்தைதானே? பையனுடைய அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமாண்ணே, தட்ட மாத்திருவோம், பேப்பரு பிறகு பாத்துக்கலாம்" என்றார். முடிந்துவிட்டது பாருங்க. அப்படியே விட்டிருந்தால் தட்டு மாறியிருக்கும்.

அப்போதுதான் உள்ளே இருந்து வந்தாள் மகாராணி. அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ. யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து இந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உன் சாதகத்த நீயே எடுக்கக் கூடாதும்மா" என்றார் மாமா.

"இது என் சாதகந்தாம்ப்பா. அன்னிக்கு எடுத்ததுதான் யாருதுன்னு தெரியல" என்றாள்.

மத்தியானம் கரண்ட் போனதிலிருந்து அணைந்து கிடந்த பெட்டியை எழுப்பி, தேதியைப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. அவள் நினைத்திருந்தால் அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் அமுக்கியிருக்கலாம். சுற்றி நின்றவர்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியுமா, தாய்மாமாவுக்குத் தெரியுமா? தேதியைத் தொடாமல் அப்படியே விட்டிருந்தால் மறுபடியும் மூன்றாம் இடத்தில் சனி என்றுதான் வந்திருக்கும். பையன்கூட அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சுகிற மாதிரி எனக்குப் பட்டது. இவளுக்கு அதெல்லாம் தெரியவில்லை. படித்திருக்கிறாள், என்ன பிரயோஜனம்? நெளிவு சுளிவு வேண்டாமா ஒரு பொம்பளைக்கு?

இந்தப் பிரிண்டர் போடுகிற சத்தம் உங்களுக்குத் தெரியாது. முட்டையிடத் தெரியாத கோழி மாதிரி கத்திக் கத்தி ஒவ்வொரு வரியாகத் துப்பும். முடிந்ததும் கிழித்து, அவளே தாய்மாமா கையில் கொடுத்தாள். அவர் வாசித்தார். ஏழரைச் சனி.

பையனுடைய அம்மாதான், "ஏழரையில பொண்ணெடுத்தா எங்க வீட்டுக்கும் சேத்துல்ல புடிக்கும்" என்று பாதி வாயில் சொன்னார். சற்று முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்ட கை, அதே கைதான், பழத்தட்டைத் தூக்கிக்கொண்டது. வெற்றிலைகூட விட்டுவிட்டுப் போகவில்லை. வடை மட்டும் மிச்சமில்லாமல் தின்றுவிட்டுத்தான் போனார்கள். பையன் படியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பார்த்து என்ன செய்ய? அம்மா கூப்பிட்டதும் கோழிக்குஞ்சு மாதிரி ஓடிவிட்டான். தீவனக் கம்பெனிக்கு ஏற்ற ஆள்.

அன்றையிலிருந்து இந்த வீட்டில் நான் குற்றவாளி. கேளுங்க அக்கா, இது நியாயமா? பெட்டிக்குத் தேதி தெரியவில்லை, அது குற்றம் இல்லை. செல்லை மாற்றவிடாத மாமா, அது குற்றம் இல்லை. சும்மா இருக்க முடியாமல் வந்து உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாளே, அது குற்றம் இல்லை. நான் வாயைத் திறந்தேனாம், அதுதான் குற்றம். மாமா ஒரு மாசம் என் கையால் காபி குடிக்கவில்லை. என் வீட்டுக்காரர், "வருஷத்துக்கு ஒரு வார்த்தை பேசுவ, அத இன்னிக்குத்தான் பேசணுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிருந்தாவா? அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். திட்டியிருந்தால் நானும் நாலு திட்டியிருப்பேன், கணக்குச் சரியாகியிருக்கும். மாமா கத்தும்போது, "விடுங்கப்பா, அண்ணி சொன்னது பொய்யா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பரிந்து பேசுகிறாளாம். நல்லவள் என்று பெயர் வாங்குகிற வழி அது. ராத்திரி கிணற்றடிப் பக்கம் போய் ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம்தான் முகம் கழுவுவாள் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டாளா? முசிறிக்காரர்கள் ஜாதகம் கேட்டு முதலில் வந்த அன்றைக்கு அவர்களுக்குப் பிறகு இன்னும் நாலைந்து பேர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சந்தோஷத்தில் அவளும் அன்றைக்குத் தேதியைக் கவனிக்கவில்லை. அவர்களுக்கும் தப்பாகத்தானே போயிருக்கும் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போனாள். யாரும் கேட்கவில்லை! யாருக்கும் தெரியவும் தெரியாது! கண்ணனூரில் ஒருத்தர் இவள் கொடுத்த பேப்பரை நம்பி, நல்ல நேரம் என்று போர்வெல் போட ஆள் சொல்லியிருந்தார். அவர் வீட்டுப் படியேறி, நான் கொடுத்தது தப்புங்க, இதுதான் சரியானது என்று புதிதாக எடுத்ததைக் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் கத்தின கத்தலைத் தெருவே நின்று கேட்டதாம். கடைக்கு எப்படிக் கூட்டம் வரும்? பாதி ஆட்கள் பஸ் ஸ்டாண்டுப் பையனிடம் போய்விட்டார்கள். தன் கடையில் தானே மண்ணை அள்ளிப் போட்டவளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

என்ன கேட்டீங்க? வேறு இடம் பார்க்கவில்லையா என்றா? மாமாவுக்கு அதில் மனசே விட்டுப்போய்விட்டது. வருகிற ஒன்றிரண்டு பேரிடமும் இவள் முந்திக்கொண்டு, எனக்கு ஏழரை நடக்கிறது, தெரிந்துதானே வந்தீங்க என்று கேட்டுவிடுகிறாள். வந்தவர்கள் செருப்பைக்கூட முழுசாகக் கழற்றுவதில்லை. கோபமா? இல்லை இல்லை, கோபமே வராது. சமைப்பாள், கடையைப் பார்ப்பாள், என் பிள்ளை இவளிடம்தான் சோறு உண்ணும், என்னிடம் உண்ணாது. அதற்கும் விவரம் இல்லை.

ஏன் அக்கா அந்தச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்க்கறீங்க? தம்பி பிறந்த நேரமா? எதுவாக இருந்தாலும் சொல்லுங்க, நான் யாரிடம் சொல்லப் போகிறேன்? ஓ. செவ்வாய் தோஷமா? எட்டு பத்துக்குப் பிறந்திருக்கிறார், எட்டே முக்கால் என்று போட்டால் தோஷம் விலகும் என்று உங்கள் ஊரில் யாரோ சொன்னார்களா? அட, இதற்கா இப்படித் தயங்கறீங்க? ஊரில் பாதி ஜாதகம் அப்படித்தான். மாமாகூட முன்னெல்லாம் ஒத்தாசை செய்வார். பிருந்தாதான் மாற்றிப் போடமாட்டாள். கேட்டால் முகத்துக்கு நேரே முடியாது என்பாள். அதனால் நீங்கள் கேட்காதீங்க. நேரம் சொல்லும்போதே எட்டே முக்கால் என்று சொல்லிவிடுங்க. அவளுக்கு என்ன தெரியப்போகிறது, அவளா பிரசவம் பார்த்தாள்? தம்பிக்கும் முப்பத்திமூன்று என்கிறீங்க. ரெண்டு இடத்தில் மறைத்துச் சொல்லி, அவர்கள் கண்டுபிடித்து, வாசலில் வந்து சண்டை போட்டார்களா? அந்தச் சண்டை எதற்கு என்றுதான் தம்பி இப்போது கல்யாணமே வேண்டாம் என்கிறாரா? சரிதான். ஆம்பளைகளுக்குச் சாமர்த்தியமாக மறைக்கத் தெரியாது. நாம்தான் செய்ய வேண்டும்.

அதோ கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் யாருக்குச் சுற்றுகிறது பாருங்க. சொல்லி வாய் மூடவில்லை, அவளும் வந்துவிட்டாள். பிருந்தா, இந்த அக்கா ரொம்ப நேரமாக் காத்திருக்காங்க, உப்பிலியபுரம், அவங்க தம்பிக்கு சாதகம்.

பார்த்தீங்களா, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, உட்கார்ந்துவிட்டாள். அதோ கறுப்புத் திரை. அதோ எஃப் ஒண்ணு. இப்போது என்ன செய்கிறாள்? நான் சொன்னேனே. தேதி போடுகிறாள். நீங்கள் ஏன் அக்கா எழுந்து போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கறீங்க? அதில் பார்க்க என்ன இருக்கிறது?

பிறந்த நேரம் கேட்கிறாள் அக்கா. சொல்லுங்க. நாம் பேசினபடி.

எட்டு பத்தா?

அக்கா! எட்டு பத்து இல்லை, எட்டே... சரி, நான் பேசவில்லை. நீங்கள் பாட்டுக்குச் சொல்லுங்க. செவ்வாய் இருக்கிறது என்று நீங்களே வேறு அவளிடம் சொல்லறீங்க. ரெண்டு இடத்தில் மறைத்ததையும் சொல்லறீங்க. நல்ல கூத்து. ஒருத்திக்கு ஒருத்தி சரியாகத்தான் வந்து சேர்ந்திருக்கீங்க.

முடிந்துவிட்டது, கிழித்துக் கொடுத்துவிட்டாள், வாங்கிக்கொள்ளுங்க. மடித்துப் பையில் வையுங்க, வெயில் தாழ்ந்தால் பஸ் கூட்டமாகிவிடும். ஏன் மறுபடியும் அவளிடமே நீட்டறீங்க? தப்பாக வந்திருக்கிறதா? இல்லையா? அவளைப் படித்துப் பார்க்கச் சொல்லறீங்களா? அவள் எதற்கு உங்கள் தம்பி ஜாதகத்தைப் படிக்க வேண்டும்? நீயே வைத்துக்கொள்ளம்மா, யோசித்துச் சொல்லு என்றால் என்ன அர்த்தம்? ஏய் பிருந்தா, உனக்கு எதற்கு இப்படி முகம் சிவக்கிறது?

மாமா வருகிறவரைக்கும் இருந்து பேசிவிட்டுத்தான் போவீங்களா? அக்கா, இந்தப் பக்கம் கொஞ்சம் வாங்க. அவளுக்கு ஏழரைச் சனி. கடையில் மண்ணை அள்ளிப் போட்டவள். பட்டுப் புடவையோடு உட்கார்ந்து தன் கல்யாணத்தைத் தானே கிழித்துக் கொடுத்தவள். நான் இவ்வளவு நேரம் சொன்னதைக் காதில் வாங்கினீங்களா இல்லையா?